ஹாம்ஸ்டர் நிறுவனத்தாருக்கு: மீட்ட விளையாட்டுகளைப் பொது நூலகத்திலும் ஒப்படையுங்கள்

மதிப்பிற்குரிய திரு. சத்தோஷி ஹமாடா அவர்களுக்கும் ஹாம்ஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றும் அனைவருக்கும்,

வணக்கம்.

நீங்கள் 2014இல் தொடங்கிய 'ஆர்கேட் ஆர்கைவ்ஸ்' தொடரில் இன்று வாரந்தோறும் வியாழக்கிழமையன்று ஒரு பழைய ஆர்கேட் விளையாட்டு, வீட்டில் ஆடும் இன்றைய கன்சோல் கருவிகளுக்கு வந்து சேர்கிறது. காசு போட்டு ஆடும் கடைகள் பல மூடப்பட்டு, அவற்றில் நின்ற கேபினெட்டுகள் என்னும் விளையாட்டுப் பெட்டிகள் காயலான் கடைக்குப் போய்விட்ட பிறகு, அந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றைச் சட்டப்படி ஆடுவதற்கு வழியே இல்லாமல் இருந்தது. அந்த நிலையை மாற்றியவர்களில் நீங்கள் முக்கியமானவர்கள். அதற்கு நன்றி சொல்லவும், நன்றியோடு சேர்த்து ஒரு கோரிக்கையை முன்வைக்கவும் இந்த மடலை எழுதுகிறேன். நீங்கள் மீட்டெடுத்த விளையாட்டுகளும், மீட்பதற்காகத் திரட்டிய தகவல்களும், அவற்றை உருவாக்கியவர்களின் பெயர்களும் உங்கள் நிறுவனத்திலும் கன்சோல் கடைகளிலும் மட்டும் தங்கிவிடாமல், பொது நூலகம் ஒன்றிலும் முறையாக ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இதை ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்பதை விளக்க, நீங்கள் 2018 ஜூன் மாதம் வெளியிட்ட 'டாங்கி காங்' விளையாட்டிலிருந்து தொடங்குகிறேன். நிண்டெண்டோ 1981இல் வெளியிட்ட அந்த ஆர்கேட் விளையாட்டை அறியாதவர் குறைவு. ஆனாலும் வீட்டுக் கருவிகளுக்கு வந்தவை பெரும்பாலும் மாற்றி எழுதப்பட்ட வடிவங்களே. 1999இல் வேறொரு விளையாட்டின் உள்ளே ஒரு பகுதியாக இடம்பெற்றதை விட்டுவிட்டால், ஆர்கேட் வடிவம் தனியாக வீட்டுக்கு வரவே இல்லை. நீங்கள் அதைக் கொண்டுவந்தபோது ஜப்பானில் முதலில் வந்தது, அங்கேயே பிறகு திருத்தி வந்தது, வெளிநாடுகளுக்குப் போனது என்று மூன்று பதிப்புகளையும் சேர்த்தே கொடுத்தீர்கள். ஜப்பானியப் பதிப்பில் 25, 50, 75, 100 மீட்டர் என்று நான்கு தளங்களும் வரிசையாக வரும். அமெரிக்கப் பதிப்பிலோ முதல் சுற்றில் 25 மீட்டர் முடிந்ததும் நேராக 100 மீட்டர் வந்துவிடும். கன்வேயர் பெல்ட் ஓடும் 50 மீட்டர் தளத்தைக் காண ஆட்டக்காரர் மூன்றாம் சுற்றுவரை தாக்குப்பிடிக்க வேண்டும். விற்பனையை மட்டும் கருதுகிறவர் ஒரே பதிப்போடு நிறுத்திக்கொண்டிருப்பார். பிழையோடு வந்த முதல் பதிப்பும் வரலாற்றின் பகுதி என்று கருதியதால்தான் அதையும் சேர்த்தீர்கள் என்று நம்புகிறேன்.

அந்த விளையாட்டின் நிரல் பதிந்திருக்கும் ரோம் சிப்புகளுக்குள், திரையில் ஒருபோதும் தோன்றாத ஒரு செய்தி இருக்கிறது. இந்த நிரலைப் பகுத்துப் பார்ப்பது கடினமாக இருந்தால் நாங்கள் சொல்லித்தருகிறோம் என்ற பொருளில், சற்றே தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில் எழுதி, ஒரு தொலைபேசி எண்ணையும் நீட்டிப்பு எண்ணையும் தந்து, இறுதியில் இகெகாமி நிறுவனம் என்று கையொப்பமிட்டிருக்கிறார்கள். விளையாட்டை வடிவமைத்தவர் நிண்டெண்டோவின் ஷிகெரு மியாமோட்டோ. ஆனால் நிரலை எழுதியவர்கள், தொலைக்காட்சி நிலையங்களுக்கான கருவிகளைத் தயாரிக்கும் இகெகாமி சூஷின்கி நிறுவனத்தின் பொறியாளர்கள். நிரலின் உரிமை யாருடையது என்று 1983இல் தொடங்கிய வழக்கு 1990இல்தான் சமரசத்தில் முடிந்தது. பெட்டியின் மேலும் திரையிலும் இடம்பெறாத அந்தப் பொறியாளர்கள், பிறர் கண்ணில் படாத ஓரிடத்தில் தங்கள் நிறுவனத்தின் பெயரை எழுதி வைத்தார்கள். மாற்றி எழுதிய வடிவங்களில் அந்தச் செய்தி வர வாய்ப்பில்லை. மூல ரோமைக் காப்பாற்றினால் மட்டுமே அதுவும் உடன் பிழைக்கும்.

ஆயினும் ரோம் ஒன்றே போதாது என்பதை உங்கள் பொறியாளர்கள் என்னைவிட நன்கு அறிவார்கள். அதே டாங்கி காங் விளையாட்டில் ஆட்டக்காரர் இயக்கும் சின்ன மனிதன் நடக்கும்போதும் குதிக்கும்போதும் கேட்கும் ஒலிகள் எந்தச் சிப்பிலும் பதிவு செய்யப்பட்டவை அல்ல. போர்டு எனப்படும் மின்சுற்றுப் பலகையில் உள்ள மின்தடைகளும் மின்தேக்கிகளும் சேர்ந்த அனலாக் சுற்றுகள் அந்த நொடியில் அவற்றை உண்டாக்குகின்றன. சிப்புகளை எவ்வளவு கவனமாக நகலெடுத்தாலும் அந்த ஒலி நகலில் வராது. மின்சுற்றின் வரைபடம் வேண்டும். நல்ல நிலையில் இயங்கும் போர்டு ஒன்றின் ஒலியைப் பதிவு செய்து ஒப்பிட வேண்டும். படக்குழாயின் புதுப்பிப்பு வேகம், ஆட்டத்தின் அமைப்புகளை மாற்றும் டிப் சுவிட்சுகள் என்னும் சிறு சுவிட்சுகளின் நிலை, ஜாய்ஸ்டிக்கின் வகை ஆகிய ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து அளந்து பார்த்துத்தான், பழைய இயந்திரத்தைப் போலவே இயங்கும் நிரலான எமுலேட்டருக்குள் கொண்டுவருகிறார். அப்படி அளந்து எழுதிய குறிப்புகள், வெளியான விளையாட்டைக் காட்டிலும் அரியவை என்பது என் கருத்து. ஆட்டக்காரர் கைக்கு வருவது அந்த உழைப்பின் விளைவு மட்டுமே. குறிப்புகள் உங்கள் அலுவலகத்திலேயே இருந்துவிடுகின்றன.

2018 ஜூலையில் நீங்கள் வெளியிட்ட 'ஸ்கை ஸ்கிப்பர்' இன்னும் தெளிவான சான்று. 1981இல் நிண்டெண்டோ உருவாக்கிய அந்த விளையாட்டு, அமெரிக்காவில் சோதனை விற்பனையில் எடுபடாததால் திரும்பப் பெறப்பட்டது. அதன் போர்டுகள் 'பப்பாய்' விளையாட்டுக்காக மாற்றப்பட்டன. எஞ்சியதாக அறியப்பட்ட கேபினெட் நிண்டெண்டோவின் அமெரிக்க அலுவலகத்தில் இருந்த ஒன்றே. அந்த ஒன்றும் ஒரு தீ விபத்திலோ அலுவலக இடமாற்றத்திலோ தொலைந்திருந்தால் இன்று உங்கள் பட்டியலில் ஸ்கை ஸ்கிப்பர் இடம்பெற்றிருக்குமா என்று எண்ணிப் பாருங்கள். ஒரே இடத்தில் ஒரே படி என்ற நிலை எவ்வளவு ஆபத்தானது என்பதை நீங்கள் கையாலேயே தொட்டு உணர்ந்திருக்கிறீர்கள்.

இன்று நீங்கள் மீட்டுத் தரும் விளையாட்டுகள் கன்சோல் நிறுவனங்களின் இணையக் கடைகளை நம்பியே வாழ்கின்றன. அந்தக் கடைகளின் ஆயுள் நமக்குத் தெரிந்ததுதான். நிண்டெண்டோவின் வீ கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. 3டிஎஸ், வீ யூ கருவிகளின் கடைகளில் 2023 மார்ச் மாதத்தோடு விற்பனை நின்றது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில் முடிந்தது. பிளேஸ்டேஷன் 3, வீட்டா கடைகளை மூடப்போவதாக 2021இல் சோனி அறிவித்தபோது, ஆட்டக்காரர்கள் எழுப்பிய எதிர்ப்பால் மட்டுமே அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. கன்சோல் ஒன்றின் வாழ்நாள் பத்துப் பதினைந்து ஆண்டுகள். ஜப்பானியச் சட்டப்படி நிறுவனத்தின் பெயரில் வெளியான படைப்புக்கு, வெளியான ஆண்டிலிருந்து 70 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு. 1980இல் வந்த விளையாட்டு ஒன்று 2050ஆம் ஆண்டின் கடைசி நாள்வரை உரிமையாளரின் அனுமதிக்குள் இருக்கும். அதுவரை பிறர் அதை வெளியிடக் கூடாது என்ற உரிமை உங்களிடம் இருக்கிறதென்றால், அதுவரை அது அழியாமல் இருக்க வேண்டிய பொறுப்பும் உங்களிடம்தான் வந்து நிற்கிறது.

உரிமையைப் பற்றிப் பேசும்போது உங்களுடைய தனி நிலையைக் குறிப்பிட வேண்டும். உங்கள் தொடரில் வருபவற்றில் பல, கொனாமி, நாம்கோ, நிண்டெண்டோ போன்ற பிற நிறுவனங்களின் சொத்துகள். அவற்றுக்கு நீங்கள் அனுமதி பெற்றவர்கள் மட்டுமே. ஆனால் நிச்சிபுட்சு என்று எல்லோரும் அழைத்த நிஹோன் புஸ்ஸான் நிறுவனத்தின் விளையாட்டு உரிமைகளை 2014இல் நீங்களே வாங்கினீர்கள். யுபிஎல், வீடியோ சிஸ்டம் நிறுவனங்களின் விளையாட்டுகளும் உங்களிடமே வந்து சேர்ந்தன. 1980களில் புகழோடு இருந்த ஜப்பானிய ஆர்கேட் நிறுவனங்களில் பல திவாலாகிப் போயின. டோவாப்ளான் 1994இலும் டேட்டா ஈஸ்ட் 2003இலும் மறைந்தன. எஸ்என்கே 2001இல் விழுந்து மறு உருவெடுத்தது. ஒரு நிறுவனம் கலையும்போது அலுவலக அலமாரியில் இருந்த வரைபடங்களும் மூல நிரல் நாடாக்களும் என்ன ஆகின்றன என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. உங்கள் கைக்கு வந்த உரிமைகளோடு தாள்களும் போர்டுகளும் எந்த அளவுக்கு வந்தனவோ, அந்த அளவுக்காவது அவை தப்பித்திருக்கின்றன.

இந்த இடத்தில் 'கிரேசி கிளைம்பர்' விளையாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1980இல் நிச்சிபுட்சு வெளியிட்ட அதில் பொத்தான்களே கிடையாது. இரண்டு ஜாய்ஸ்டிக்குகள் மட்டும் உண்டு. இடது கையும் வலது கையும் மாறி மாறி மேலே நீண்டு, ஜன்னல் விளிம்பைப் பற்றி இழுத்து, வானளாவிய கட்டடத்தில் ஏற வேண்டும். குடியிருப்பவர்கள் ஜன்னல்களைச் சாத்துவார்கள், தலைமேல் பூந்தொட்டியைப் போடுவார்கள். அசையாமல் நின்றால் 'கம்பரே' (விடாமல் முயற்சி செய்) என்று ஒரு குரல் ஊக்குவிக்கும். இன்றைய கட்டுப்பாட்டுக் கருவியின் இரு குச்சிகளையும் இரு கட்டைவிரல்களால் அசைத்து ஆடும்போது, 1980ஆம் ஆண்டில் ஒருவர் எவ்வளவு துணிச்சலாகச் சிந்தித்திருக்கிறார் என்பது புரிகிறது. அந்த விளையாட்டை உருவாக்கிக் கொடுத்தது ஜோருடான் என்ற நிறுவனம். இன்று ஜப்பானியர் ரயில் மாறிச் செல்லும் வழியைத் தேடப் பயன்படுத்தும் சேவைக்காக அறியப்படும் அதே ஜோருடான்தான். விளையாட்டின் திரையில் நிச்சிபுட்சுவின் பெயர் உண்டு. அதை எழுதியவரின் பெயரும் அந்தக் குரலுக்கு உரியவரின் பெயரும் இல்லை.

இது கிரேசி கிளைம்பருக்கு மட்டும் நேர்ந்த நிலை அல்ல. திறமையானவர்களைப் போட்டி நிறுவனங்கள் இழுத்துக்கொள்ளும் என்று அஞ்சிய ஜப்பானிய நிறுவனங்கள் பல, அந்தக் காலத்தில் ஊழியர்களின் உண்மைப் பெயரை வெளியிட விடவில்லை. பெயர்ப்பட்டியல் இருந்த விளையாட்டுகளிலும் புனைபெயர்களே ஓடின. 1983இல் நாம்கோவின் 'செவியஸ்' விளையாட்டை உருவாக்கிய மசானோபு எண்டோ, ஆட்டத் தொடக்கத்தில் விமானத்தை வலது ஓரத்துக்குக் கொண்டுபோய்த் தொடர்ந்து குண்டு போட்டால் மட்டுமே தோன்றும்படி ஒரு வரியைப் புனைபெயரோடு மறைத்து வைத்தார். அவரைப் போலப் பின்னாளில் புகழ் பெற்றவர்களைப் பற்றி நமக்குத் தெரிகிறது. மற்றவர்கள் விளையாட்டுத் துறையை விட்டே போய்விட்டார்கள். பாடியவர் பெயர் தெரியாததால் பாட்டில் வந்த தொடரையே அவருக்குப் பெயராக இட்டு வழங்கும் வழக்கம் எங்கள் சங்கப் பாடல்களில் உண்டு. ஈராயிரம் ஆண்டு இடைவெளியில் அது நேர்ந்தது. ஐம்பது ஆண்டுக்குள், இந்த உருவாக்குநர்கள் நம்மோடு வாழ்ந்துகொண்டிருக்கும்போதே அப்படி நேர்வதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

நான் தமிழ்நாட்டிலிருந்து எழுதுவதால் இந்தப் பெயரின்மை எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது. 1990களில் எங்கள் ஊர்களில் 'டிவி கேம்' என்று விற்ற கருவிகள், நிண்டெண்டோவின் ஃபாமிகாம் என்ற வீட்டு விளையாட்டுக் கருவியின் உரிமம் பெறாத நகல்கள். ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் இருப்பதாக அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். பல விளையாட்டுகளின் தலைப்புத் திரையிலிருந்து நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் நீக்கப்பட்டிருந்தன. நாம்கோவின் 'பேட்டில் சிட்டி', 'டாங்க் 1990' என்று பெயர் மாறிய திருத்தப் பதிப்பாகப் புழங்கியது. ஒரு தலைமுறையே ஜப்பானியர் எழுதிய விளையாட்டுகளை ஆடி வளர்ந்தும், அவை ஜப்பானில் உருவானவை என்பதைக்கூட அறியாமல் இருந்தது. இன்று உங்கள் தொடரில் ஒரு விளையாட்டைத் திறக்கும்போது, அது எந்த நிறுவனத்துடையது, எந்த ஆண்டில் வந்தது என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அதோடு இன்னும் ஓர் அடி முன்னே சென்று, நிரல் எழுதியவர், படம் வரைந்தவர், இசை அமைத்தவர் ஆகியோரின் பெயர்களையும், அவர்களுடைய சம்மதத்தோடு, சேர்க்க வேண்டும் என்று கேட்கிறேன். உங்கள் நேரலை நிகழ்ச்சிகளில் பழைய உருவாக்குநர்களை அழைத்துப் பேசவைக்கிறீர்கள். அந்த உரையாடல்களை எழுத்தாக்கி வைத்தால், பெயர்களைச் சரிபார்க்கும் வேலையில் பாதி முடிந்துவிடும்.

ஒப்படைப்பதற்கு இடங்கள் உங்கள் நாட்டிலேயே இருக்கின்றன. ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம், 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, வட்டு, கேசட் போன்ற பொதிகளாக வெளியாகும் வீடியோ கேம்களையும் கட்டாயப் படியாகப் பெறுகிறது. தரவிறக்கமாக மட்டும் வெளியாகும் விளையாட்டுகள் அந்தக் கட்டாயத்துக்குள் வரவில்லை. கடைக்காரருக்கு மட்டும் விற்கப்பட்ட ஆர்கேட் போர்டுகளும் புத்தகம் போல நூலகத்துக்குப் போனவை அல்ல. ஆகவே ஆர்கேட்டாகப் பிறந்து தரவிறக்கமாக மறுபிறவி எடுக்கும் ஒரு விளையாட்டு, இரண்டு பிறவியிலும் நாட்டின் நூலகத்துக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது ஒப்படைக்கக் கூடாது என்று பொருளாகாது. கியோட்டோவில் ரிட்சுமேய்கான் பல்கலைக்கழகம் 1998லேயே விளையாட்டு ஆவணத் திட்டத்தைத் தொடங்கியது. 2011 முதல் அங்கே தனி ஆய்வு மையமே இயங்குகிறது. தோக்கியோவில் விளையாட்டுப் பாதுகாப்புச் சங்கம் லாப நோக்கின்றி உழைத்து வருகிறது. இவற்றில் எதோடு உங்களுக்கு நம்பிக்கையான உறவு அமையுமோ, அதோடு உடன்பாடு செய்துகொள்ளலாம்.

உங்கள் வணிகத்துக்கு இதனால் பாதிப்பு வருமோ என்ற தயக்கம் நியாயமானது. வாரம் ஒரு விளையாட்டை, பெரும்பாலும் 7.99 டாலருக்கு விற்றுத்தான் இந்தப் பணி நடக்கிறது. அந்த வருமானம் நின்றால் மீட்பும் நின்றுவிடும். ஆகவே ஒப்படைத்ததை உடனே எல்லோருக்கும் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. உரிமைக் காலம் முடியும்வரை ஆய்வாளர்கள் நூலக வளாகத்துக்குள் மட்டும் பார்க்கலாம், நிறுவனம் இயங்கும்வரை எமுலேட்டரின் மூல நிரல் முத்திரையிட்ட நிலையில் இருக்கும் என்பது போன்ற நிபந்தனைகளோடு ஒப்படைக்கலாம். பிற நிறுவனங்களின் விளையாட்டுகளுக்கு அவர்களின் சம்மதம் வேண்டும் என்பதும் தெரியும். அதனால்தான் முழு உரிமையும் உங்களுடையதாக இருக்கும் விளையாட்டுகளிலிருந்து தொடங்கும்படி கேட்கிறேன்.

உரிமையாளர்கள் செய்யாமல் விட்ட வேலையை ஆர்வலர்கள் செய்து வந்திருக்கிறார்கள் என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கணினியில் இயக்கும் எமுலேட்டரான மாமே திட்டம், 1997இல் தொடங்கி, சம்பளம் இல்லாத ஆர்வலர்களால் வளர்ந்தது. 1993இல் வந்த காப்காம் நிறுவனத்தின் சிபிஎஸ்-2 என்ற ஆர்கேட் போர்டுகளில், நிரலைத் திறக்கும் ரகசியச் சாவி ஒரு பேட்டரியின் தயவில் நினைவகத்தில் இருந்தது. பேட்டரி தீர்ந்தால் போர்டு செத்துவிடும். அந்தக் குறியாக்கத்தின் வழிமுறையை 2007இல் கண்டுபிடித்தவர்களும் நிறுவனத்துக்கு வெளியே இருந்த ஆர்வலர்களே. சட்டத்தின் ஓரத்தில் நின்று இவர்கள் செய்த பணியை, உரிமையைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம் வெளிச்சத்தில், முறையான ஆவணங்களோடு செய்ய முடியும். அந்த வாய்ப்பு இன்று உங்களுக்கு இருப்பதுபோல வேறு எவருக்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

2030இல் கிரேசி கிளைம்பர் வெளியாகி 50 ஆண்டு நிறைகிறது. அதை முதல் ஒப்படைப்பாக வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். சரிபார்த்த ரோம் நகல்கள், போர்டின் இருபுறப் படங்கள், மின்சுற்று வரைபடம், டிப் சுவிட்ச் அட்டவணை, கேபினெட்டில் ஒட்டியிருந்த ஆட்டமுறை அட்டை, வெளிநாட்டுப் பதிப்பில் மாறியவை பற்றிய குறிப்பு, உங்கள் பொறியாளர்கள் எடுத்த அளவுகள், உருவாக்கியவர்களின் நேர்காணல் ஆகிய அனைத்தும் ஒரே தொகுப்பாக நூலகத்துக்குப் போக வேண்டும். தாள்களையும் சிப்புகளையும் அடுத்த ஆண்டு நகலெடுத்தாலும் பரவாயில்லை. 1980இல் இருபதுகளில் இருந்த அந்தப் பொறியாளர்கள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள் என்பதால், நேர்காணல்களை இந்த ஆண்டே தொடங்குங்கள்.

மரியாதையுடனும் நன்றியுடனும்,
தமிழ்நாட்டிலிருந்து உங்கள் ஆட்டக்காரர்களில் ஒருவர்